இரண்டாம் இடம் வந்தவர்: கென் மைல்ஸ் கதை



போன செமஸ்டர் ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஹாஸ்டல் ரூம்ல ஒரு லேப்டாப், அதைச் சுத்தி எட்டு பேர். ஓடின படம் 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி'. 2019-ல் வந்த படம், கிறிஸ்டியன் பேல் நடிச்சது. மெக்கானிக்கல் பசங்க ரூம்ல இந்தப் படம் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஓடும். கிளைமாக்ஸ் வந்ததும் எல்லாருக்கும் ஒரே கோபம். இருபத்தி நாலு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டினவருக்கு இரண்டாம் இடமா? நிஜமாவே இப்படித்தான் நடந்துச்சா என்று ஒருத்தன் கேட்டான். யாருக்கும் பதில் தெரியல.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் கென் மைல்ஸ் பற்றி நிறையப் படித்தேன். படம் பெரும்பாலும் உண்மை. ஆனால் சினிமாவுக்காகச் சில விஷயங்களை மாத்தியிருக்காங்க, சிலதை விட்டுட்டாங்க. விட்டுப்போன விஷயங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதை உங்களுக்கும் சொல்லலாம்னுதான் இந்தக் கட்டுரை. எழுத இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்றேன்.

பட்டறையில் தொடங்கிய வாழ்க்கை

கென் மைல்ஸ் பிறந்தது 1918 நவம்பர் 1-ஆம் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள சட்டன் கோல்ட்ஃபீல்ட் என்ற ஊரில். முதல் உலகப் போர் முடிய அப்போது இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பர்மிங்ஹாம் அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே பிறந்த பையனுக்குக் கார் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

வோல்ஸ்லி என்ற கார் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். நம்மளை மாதிரி நாலு வருஷம் தியரி படிச்சிட்டு வொர்க்‌ஷாப் பக்கம் போகல. நேரா வொர்க்‌ஷாப்தான். கையில் கிரீஸ் ஒட்டிய பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்து இரண்டாம் உலகப் போர் வந்தது. மைல்ஸ் ராணுவத்தில் சேர்ந்து டாங்கிப் பிரிவில் வேலை பார்த்தார். 1944-ல் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் இறங்கியபோது அவரும் அங்கே போனார். பின்னாளில் அவர் பெயர் எந்த நாட்டோடு சேர்த்துப் பேசப்பட்டதோ, அந்த நாட்டில் அவர் முதலில் கால் வைத்தது ரேஸ் ஓட்டுவதற்காக இல்லை.

போர் முடிந்த பிறகு இங்கிலாந்தில் பழைய கார்களை வைத்து ரேஸ் ஓட்டினார். புகாட்டி, ஆல்ஃபா ரோமியோ, ஆல்விஸ் என்று கிடைத்ததையெல்லாம் ஓட்டினார். ஃப்ரேசர் நாஷ் என்ற பிரிட்டிஷ் காரில் ஃபோர்டு வி8 எஞ்சினைப் பொருத்தியும் ஓட்டினார். பிரிட்டிஷ் கார், அமெரிக்க எஞ்சின். இந்தக் கூட்டணியை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

எம்.ஜி வாங்கிக் கொடுத்த பெயர்

1950-களின் தொடக்கத்தில் மனைவி, மகனோடு அமெரிக்கா போனார். லாஸ் ஏஞ்சலஸில் எம்.ஜி கார்களை விற்கும் ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் மேனேஜர் வேலை. (இன்னைக்கு நம்ம ரோட்ல ஓடுதே எம்.ஜி ஹெக்டர், அதே பேர்தான். முதலாளிதான் வேற.)

பகலில் கஸ்டமர் வண்டிகளைச் சரிபார்ப்பது, மற்ற நேரத்தில் தனக்கென்று ஒரு ரேஸ் கார் கட்டுவது என்று நாட்கள் போயின. எம்.ஜி பாகங்களை வைத்து அவரே வடிவமைத்துக் கட்டிய அந்தக் காரின் பெயர் ஆர்-1. 1953-ல் அதில் தொடர்ச்சியாக 14 ரேஸ்களில் ஜெயித்தார். எதிரில் வந்தவர்களில் பலர் அவரைவிடப் பெரிய எஞ்சின், பெரிய பணம் வைத்திருந்தவர்கள். அடுத்து இன்னும் தாழ்வான, தட்டையான ஒரு கார் கட்டினார். அதற்கு ஜனங்கள் வைத்த செல்லப்பெயர் 'பறக்கும் ஓடு'. வீட்டுக் கூரையில் வேய்வோமே, அந்த ஓடு. அதுவும் நிறைய ஜெயித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் வெறும் டிரைவர் இல்லை என்பது. அவர் ஓட்டிய வண்டியின் ஒவ்வொரு நட்டும் அவருக்குத் தெரியும். ஒரு வளைவில் வண்டி சரியாகத் திரும்பவில்லை என்றால், எந்தப் பாகத்தால் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசிக்கிற ஆள்.

1955-ல் எம்.ஜி கம்பெனி லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸுக்கு மூன்று கார்களை அனுப்பியது. ஒரு காரை மைல்ஸும் ஜானி லாக்கெட்டும் மாறி மாறி ஓட்டினார்கள். விற்பனைக்கு வரப்போகும் எம்.ஜி.ஏ காரின் முன்மாதிரி அது. அதாவது, மைல்ஸின் முதல் லெ மான்ஸே ஒரு வகையில் டெஸ்ட்டிங்தான். 12-ஆம் இடத்தில் முடித்தார்கள்.

ஆனால் 1955 லெ மான்ஸை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. ஜூன் 11 அன்று மாலை, பியர் லெவே ஓட்டிய மெர்சிடிஸ் கார் முன்னால் போன காரில் மோதி மேலே எழும்பி, பார்வையாளர்கள் கூட்டத்துக்குள் சிதறியது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மோட்டார் ரேஸ் வரலாற்றிலேயே மிக மோசமான விபத்து அதுதான். அன்று மைல்ஸின் எம்.ஜி அணியைச் சேர்ந்த இன்னொரு டிரைவரும் தனி விபத்தில் சிக்கிப் பலத்த காயம் அடைந்தார். ரேஸ் நிறுத்தப்படவில்லை, மறுநாள் வரை ஓடியது. மைல்ஸும் முடியும் வரை ஓட்டினார். படத்தில் இந்த வருஷம் வரவே இல்லை. பதினொரு வருஷம் கழித்து அவர் திரும்பவும் அந்தச் சாலையில் நின்றபோது அது என்ன மாதிரியான இடம் என்று அவருக்கு நல்லாவே தெரியும்.

ஷெல்பியும் கோப்ராவும்

மைல்ஸுக்கு வண்டியைப் புரிந்துகொள்ளத் தெரிந்த அளவுக்குக் கணக்கு வழக்கு வரவில்லை. சொந்தமாக நடத்திய டியூனிங் கடை வரி பாக்கியால் மூடும் நிலைக்கு வந்தது. படத்தில் காட்டுவது போலத்தான். 1963-ல் கரோல் ஷெல்பியின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஷெல்பி 1959-ல் ஆஸ்டன் மார்ட்டின் காரில் லெ மான்ஸ் ஜெயித்த டிரைவர். இதயக் கோளாறால் ரேஸ் ஓட்டுவதை விட்டவர். ஏ.சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் சின்ன காரில் ஃபோர்டு வி8 எஞ்சினைப் போட்டு 'கோப்ரா' என்று பெயர் வைத்தார். பிரிட்டிஷ் கார், அமெரிக்க எஞ்சின்! மைல்ஸ் இங்கிலாந்தில் செய்து பார்த்த அதே யோசனை. அவர் அங்கே போய்ச் சேர்ந்தது பொருத்தம்தானே.

சேர்ந்த புதிதில் நடந்த ஒரு வேலையைச் சொல்லணும். சன்பீம் ஆல்பைன் என்ற இன்னொரு குட்டி பிரிட்டிஷ் காரில் வி8 எஞ்சின் உட்காருமா என்று பார்க்க வேண்டியிருந்தது. மைல்ஸிடம் ஒரு காரும், எஞ்சினும், 800 டாலரும் கொடுத்தார்கள். சுமார் ஒரு வாரத்தில் எஞ்சினை உட்கார வைத்து ஓட்டிக் காட்டிவிட்டார். பிறகு அந்தக் கார் 'சன்பீம் டைகர்' என்று விற்பனைக்கே வந்தது. நாம ஒரு மினி புராஜெக்ட்டுக்கு எத்தனை ரிவ்யூ வாங்குறோம்னு நினைச்சுப் பாருங்க.

ஷெல்பியின் உண்மையான குறி ஜிடி பிரிவு. ஜிடி என்றால் கிராண்ட் டூரிங். ரோட்டில் ஓட்டக்கூடிய, நீண்ட தூரம் போகக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் காலத்து விதிப்படி ஜிடி பிரிவில் ஓட வேண்டுமானால் அந்த மாடலில் 100 கார்களாவது தயாரித்திருக்க வேண்டும். அந்தப் பிரிவில் ராஜா யாரென்றால் ஃபெராரி 250 ஜிடிஓ. குறுகலான, வளைவு நிறைந்த டிராக்குகளில் கோப்ரா அதற்கு ஈடுகொடுக்கும். ஆனால் லெ மான்ஸில் மல்சான் என்று கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நேர்ச்சாலை ஒன்று இருந்தது. அங்கே கோப்ரா தோற்றுவிடும். காரணம் எஞ்சின் இல்லை, காற்று. கோப்ரா கூரை இல்லாத கார். மணிக்கு 260 கிலோமீட்டர் அளவில் போனதும் எஞ்சின் கொடுக்கும் சக்தி எல்லாம் காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடும். காற்றுத்தடையைத் தாண்டத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல எழுதினோமே, அதேதான்.

விதியில் ஒரு வழி இருந்தது. சேஸிஸ் அதேயாக இருந்தால், மேலே வேறு பாடி போடலாம். பீட் பிராக் என்ற இளைஞர் மூடிய கூரையும், பின்பக்கம் கத்தியால் வெட்டியது போன்ற வாலும் கொண்ட ஒரு பாடி வரைந்தார். பார்க்க விநோதமாக இருந்தது. கம்பெனிக்குள்ளேயே பலருக்கு நம்பிக்கை இல்லை. அந்த டிசைன் பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர் மைல்ஸ். 1964 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு டிராக்கில் அதை முதலில் ஓட்டிப் பார்த்ததும் அவர்தான். அதே சேஸிஸ், அதே எஞ்சின், ஆனால் திறந்த கோப்ராவைவிடத் தெளிவாக வேகம். நேர்ச்சாலையில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய கார் கிடைத்துவிட்டது.

அதுதான் கோப்ரா டேடோனா கூப்பே. மொத்தம் 6 கார்கள்தான் கட்டினார்கள். 1964 லெ மான்ஸில் டான் கர்னியும் பாப் பாண்டுரண்ட்டும் அதை ஓட்டி, ஜிடி பிரிவில் ஃபெராரியைத் தோற்கடித்து முதலிடம், மொத்தத்தில் நான்காம் இடம் வாங்கினார்கள். 1965-ல் ஜிடி உற்பத்தியாளர்களுக்கான உலகப் பட்டத்தையும் ஷெல்பி அணி ஃபெராரியிடமிருந்து பறித்தது. கோப்பை வாங்கிய போட்டோவில் இருப்பவர்கள் வேறு. அந்தக் கார் ஓடும் என்று ரிவர்சைடில் நிரூபித்தவர் மைல்ஸ்.

பறக்கப் பார்த்த கார்

இதற்கிடையில் 1963-ல் ஃபோர்டு கம்பெனி ஃபெராரியை விலைக்கு வாங்கப் பார்த்தது. பேச்சு கடைசி நேரத்தில் முறிந்தது. அவமானப்பட்ட இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, லெ மான்ஸிலேயே ஃபெராரியைத் தோற்கடிக்க முடிவு செய்தார். இங்கிலாந்தில் ஒரு குழு அமைத்து ஜிடி40 உருவானது. தரையிலிருந்து கூரை வரை உயரம் 40 அங்குலம், அதனால் அந்தப் பெயர். இது ஜிடி பிரிவு கார் இல்லை. ரேஸுக்கென்றே செய்த புரோட்டோடைப்.

1964 ஏப்ரலில் லெ மான்ஸில் டெஸ்ட் நடந்தபோது இரண்டு ஜிடி40-களும் விபத்தில் சிக்கின. வேகம் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் லேசாகிவிடும், டயர் பிடிக்காது. ஜூனில் நடந்த ரேஸில் மூன்று கார்கள் கிளம்பின. ஒன்றுகூட முடிக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஃபோர்டு அந்தக் கார்களை ஷெல்பியிடம் ஒப்படைத்தது. ஷெல்பி கைகாட்டியது மைல்ஸை.

ஃபோர்டின் துணை நிறுவனம் ஒன்று காருக்குள் கம்ப்யூட்டரோடு சேர்ந்த அளவீட்டுக் கருவிகளை நிறைய ஏற்றியது. அவை பயன்பட்டன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே இன்னொரு வேலையும் செய்தார்கள். காரின் உடம்பு முழுக்கக் கம்பளி நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். நூல் எந்தப் பக்கம் படிகிறதோ காற்று அந்தப் பக்கம் போகிறது. படபடவென்று ஆடினால் அங்கே காற்று குழம்புகிறது. இப்படிப் பார்த்துத்தான் காற்றுப்பாதைகளில் இருந்த தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள்.

இரண்டே மாதம். 1965 பிப்ரவரியில் டேடோனாவில் நடந்த 2,000 கிலோமீட்டர் ரேஸில் மைல்ஸும் லாய்டு ரூபியும் ஜெயித்தார்கள். ஜிடி40-க்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

படத்தில் ஒரு சீன் உண்டு: மைல்ஸை லெ மான்ஸுக்குக் கூட்டிப்போகாமல் விட்டுவிடுவார்கள், அவர் கேரேஜில் தனியாக உட்கார்ந்து ரேடியோ கேட்பார். மனசை உருக்கும் சீன், ஆனால் கற்பனை. 1965-ல் அவர் லெ மான்ஸில் இருந்தார். 7 லிட்டர் எஞ்சின் போட்ட புதிய மார்க் 2 காரை புரூஸ் மெக்லாரனோடு சேர்ந்து ஓட்டினார். அசுர வேகம். ஆனால் கியர்பாக்ஸ் தாங்கவில்லை. அந்த வருஷமும் ஃபோர்டுக்குத் தோல்வி, ஃபெராரிக்கு வெற்றி.

24 மணி நேர ரேஸில் வேகம் பாதி விஷயம்தான். உடையாமல் இருப்பது மீதி. 1966-க்குத் தயாராகும்போது ஃபோர்டு ஆட்கள் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் டைனமோமீட்டரில் மாட்டி, லெ மான்ஸ் டிராக்கில் ஒரு சுற்றில் எங்கே ஆக்சிலரேட்டர், எங்கே கியர் மாற்றம் என்பதை அப்படியே திரும்பத் திரும்ப ஓட வைத்தார்கள். உடைந்தது, திருத்தினார்கள், திரும்ப ஓட்டினார்கள்.

பிரேக் தனித் தலைவலி. நானே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வண்டி எடை சுமாராக 1,300 கிலோ, மல்சான் கடைசியில் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் என்று வையுங்கள். அங்கிருந்து வளைவுக்காக 60-க்குக் குறைக்க வேண்டும். அரை எம் வி ஸ்கொயர் போட்டால் 5 மெகாஜூலுக்கும் மேல் வருகிறது. அது ஒரு குடம் பச்சைத் தண்ணியைக் கொதி நிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம். காற்றுத்தடையும் எஞ்சினும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் மீதி முழுக்க பிரேக் டிஸ்க்கில்தான் இறங்கும். அதுவும் சில நொடிகளில். மூன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை, 24 மணி நேரமும். டிஸ்க் ராத்திரியில் சிவப்பாக ஒளிரும், பிறகு விரிசல் விடும். ஷெல்பி அணியின் ஃபில் ரெமிங்டன் பிட்டில் வண்டி நிற்கும்போதே சீக்கிரமாக பிரேக்கை மாற்றும் ஏற்பாட்டைச் செய்தார்.

1966: மூன்று ரேஸ்

பிப்ரவரியில் டேடோனா. அந்த வருஷம்தான் முதல் தடவையாக அது 24 மணி நேர ரேஸாக நடந்தது. மைல்ஸ், ரூபி ஜோடி முதலிடம். மார்ச்சில் ஃபுளோரிடாவின் செப்ரிங் 12 மணி நேர ரேஸ். முன்னால் போன கர்னியின் கார் கடைசிச் சுற்றில் படுத்துவிட, மறுபடி மைல்ஸ், ரூபி ஜோடி முதலிடம். அதே செப்ரிங் ரேஸில் ஒரு டிரைவரும் நான்கு பார்வையாளர்களும் விபத்துகளில் இறந்தார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகணும். அந்தக் காலத்து ரேஸ் அப்படித்தான் இருந்தது.

மீதி இருந்தது லெ மான்ஸ். அதையும் ஜெயித்தால் மூன்று பெரிய எண்ட்யூரன்ஸ் ரேஸ்களும் ஒரே வருஷத்தில் ஒரே ஆளுக்கு. ரூபி ஒரு விமான விபத்தில் அடிபட்டிருந்ததால் டென்னி ஹல்ம் ஜோடியாக வந்தார்.

ஜூன் 18, சனிக்கிழமை மாலை 4 மணி. ஃபோர்டு மட்டும் எட்டு மார்க் 2 கார்களை இறக்கியிருந்தது. கொடியசைத்துத் தொடங்கி வைத்தவரே இரண்டாம் ஹென்றி ஃபோர்டுதான். மைல்ஸின் காரில் கதவு சரியாக மூடவில்லை. முதல் சுற்று முடிந்ததுமே பிட்டுக்குள் வரவேண்டியதாகிவிட்டது. இது படத்திலும் வரும், நிஜமும் அதுதான். அந்த நேரத்தை ஈடுகட்ட ஒவ்வொரு சுற்றாகத் துரத்தி முன்னுக்கு வந்தார். ராத்திரிக்குள்ளும் காலைக்குள்ளும் ஃபெராரியின் புது பி3 கார்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஃபோர்டுகளிலும் பாதிக்கு மேல் நின்றன. ஞாயிறு மதியம் முன்னணியில் மூன்று ஃபோர்டுகள்தான்: மைல்ஸ் - ஹல்ம், மெக்லாரன் - கிறிஸ் ஏமன், பல சுற்றுகள் பின்னால் மூன்றாவதாக ஒன்று.

அப்போதுதான் ஃபோர்டின் ரேஸ் பொறுப்பாளர் லியோ பீபி தரப்பிலிருந்து அந்த உத்தரவு வந்தது. மூன்று கார்களும் ஒன்றாகச் சேர்ந்து கோட்டைத் தாண்ட வேண்டும். விளம்பரத்துக்கு அருமையான போட்டோ கிடைக்கும். முன்னணியில் இருந்த மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். மெக்லாரன் வந்து சேர்ந்துகொண்டார். லேசான தூறல். நீல நிற ஒன்றாம் நம்பர், கறுப்பு நிற இரண்டாம் நம்பர், கொஞ்சம் பின்னால் தங்க நிற ஐந்தாம் நம்பர். போட்டோ கிடைத்தது.

முதல் பரிசு மைல்ஸுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு காரும் 360 சுற்று முடித்திருந்தன. ஆனால் லெ மான்ஸ் விதி சுற்றைப் பார்ப்பதில்லை, 24 மணி நேரத்தில் போன தூரத்தைப் பார்க்கும். தொடக்கத்தில் கார்கள் வரிசையாக நின்றபோது மெக்லாரனின் கார் மைல்ஸின் காரைவிடச் சில மீட்டர் பின்னால் நின்றது. இரண்டும் சேர்ந்து முடித்தாலும் மெக்லாரன் ஓட்டியது சில மீட்டர் அதிகம். அதனால் மெக்லாரனும் ஏமனும் முதலிடம், மைல்ஸும் ஹல்மும் இரண்டாமிடம். கிட்டத்தட்ட 4,843 கிலோமீட்டர் ஓடிய ரேஸ் சில மீட்டரில் முடிவானது.

ஆக, ஹாஸ்டல்ல கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமா, நிஜமாவே நடந்துச்சு. ஒன்று மட்டும் சேர்த்துக்கணும். மெக்லாரன் திருடர் இல்லை. அவரும் 24 மணி நேரம் உழைத்தவர்தான், அவரும் இன்ஜினியர்தான், சொந்தமாகக் கார் கட்டினவர்தான். அந்த முடிவை எடுத்தது ரெண்டு டிரைவர்களும் இல்லை.

ரிவர்சைடு, ஒரு வேலை நாள்

சினிமா ஹீரோவாக இருந்தால் கோபித்துக்கொண்டு விலகியிருப்பார். மைல்ஸ் வேலைக்குத் திரும்பினார். ஃபோர்டு அடுத்த வருஷத்துக்காக ஜே-கார் என்று ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. விமானங்களில் பயன்படுத்தும் தேனடை வடிவ அலுமினியத் தகடுகளைப் பசையால் ஒட்டிச் செய்த சேஸிஸ். எடை ரொம்பக் குறைவு. நீண்ட தட்டையான கூரை, பின்பக்கம் செங்குத்தாக வெட்டியது போல முடியும்.

1966 ஆகஸ்ட் 17. லெ மான்ஸ் முடிந்து இரண்டு மாதம். இடம் அதே ரிவர்சைடு, டேடோனா கூப்பேயை அவர் முதன்முதலில் ஓட்டிப் பார்த்த இடம். கூட்டம் இல்லை, கொடி இல்லை, கோப்பை இல்லை. சாதாரண டெஸ்ட் நாள். நாள் முழுக்க ஓட்டிவிட்டு, நீண்ட நேர்ச்சாலையின் முடிவுக்கு வந்தபோது கார் கட்டுப்பாட்டை இழந்து, உருண்டு, உடைந்து, தீப்பிடித்தது. வெளியே தூக்கி எறியப்பட்ட மைல்ஸ் அங்கேயே இறந்தார். வயது 47. அவருடைய மகன் அன்று டிராக்கில் இருந்தான்.

விபத்துக்கு இதுதான் காரணம் என்று உறுதியாக எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ஃபோர்டு அந்தக் காரை அப்படியே விடவில்லை. பாடியின் வடிவத்தை மாற்றினார்கள். உள்ளே எஃகுக் குழாய்களால் வலுவான ரோல் கேஜ் அமைத்தார்கள். ஜே-கார் மார்க் 4 ஆனது. 1967 லெ மான்ஸில் டான் கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் அதை ஓட்டி ஜெயித்தார்கள்.

அதே ரேஸில் ராத்திரி இன்னொரு மார்க் 4 கார் சுவரில் மோதி நொறுங்கியது. ஓட்டியவருக்கு விலா எலும்பு முறிந்ததோடு போனது, உயிர் பிழைத்தார். பெயர் மாரியோ ஆண்ட்ரெட்டி. 1978-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனவர். மைல்ஸின் விபத்துக்குப் பிறகு சேர்த்த அந்தக் கூண்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பட்டம் வேறு யாருக்கோ போயிருக்கலாம்.

இன்னொரு விஷயமும் படிக்கும்போது கஷ்டமாக இருந்தது. 1966-ல் ஜெயித்த புரூஸ் மெக்லாரன் 1970 ஜூனில் இங்கிலாந்தின் குட்வுட் டிராக்கில் இறந்தார். அதுவும் ரேஸில் இல்லை. தன் கம்பெனியின் புதுக் காரை டெஸ்ட் செய்யும்போது. அன்று முதலிடம் வாங்கியவர், இரண்டாமிடம் வாங்கியவர் ரெண்டு பேருமே யாரும் பார்க்காத ஒரு டெஸ்ட் நாளில்தான் போனார்கள்.

ஏன் எழுதினேன்

ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம காலேஜ் டீம் ஒரு கோ-கார்ட் போட்டிக்குப் போச்சு. டீமில் ஒரு ஜூனியர் இருந்தான். காலை அஞ்சரை மணிக்கு கிரவுண்டுக்கு வந்து வண்டியை ஓட்டிப் பார்ப்பான். ஒருநாள் ஸ்டீயரிங் பக்கம் ஏதோ சத்தம் வருதுன்னு சொன்னான். எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. பிரிச்சுப் பார்த்தா, டை ராட் வெல்டிங்கில் முடி அளவு விரிசல். போட்டியில் அது உடைஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. போட்டியில் ஓட்டினது வேற ஆள். எங்களுக்கு ஒரு சின்னப் பரிசும் கிடைச்சுது.

சர்டிஃபிகேட்டுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது பத்துப் பெயருக்குத்தான் இடம் இருந்தது. கேப்டன், டிரைவர், டிசைன், ஸ்பான்சர் பார்த்தவங்க என்று பட்டியல் நிறைஞ்சிடுச்சு. அவன் பெயர் வரல. அந்த ஃபார்மை நிரப்பினது நான்தான். அன்னைக்கு அது எனக்குத் தப்பாவே தெரியல. அவனும் ஒண்ணும் கேக்கல, அடுத்த வாரம் வழக்கம்போல அஞ்சரைக்கு வந்தான்.

லியோ பீபி மேல ஹாஸ்டல்ல எல்லாரும் கோபப்பட்டப்போ நானும் சேர்ந்து திட்டினேன். அப்புறம் இதெல்லாம் படிக்கப் படிக்க, நான் நிரப்பின அந்த ஃபார்ம்தான் ஞாபகம் வந்துச்சு. பீபி மூணு கார் ஒண்ணா வர்ற போட்டோவைப் பார்த்தார். நான் பத்துப் பெயர் அடங்குற பட்டியலைப் பார்த்தேன். ரெண்டு பேருமே வேலை செஞ்ச ஆளைப் பார்க்கல.

சர்டிஃபிகேட்டை இனி மாத்த முடியாது, கேட்டுப் பார்த்தேன். டீம் வெப்சைட்டை மாத்த முடியும். போன வாரம் 'டெஸ்ட்டிங்' என்று புதுசா ஒரு வரி சேர்த்து அவன் பெயரைப் போட்டாச்சு. அவன்கிட்ட நேரா சொல்லவும் செஞ்சேன். சிரிச்சான். இந்த வருஷ வண்டியில் பிரேக் பெடல் கொஞ்சம் லூஸா இருக்கு, வந்து பாருங்கண்ணா என்றான்.

நாளைக்குக் காலை அஞ்சரைக்கு நான் கிரவுண்டுல இருப்பேன். வர்றவங்க வாங்க.